கேட்டலாக்கில் ‘இல்லை’ என்று வந்தால்: பொருள் தலைப்பில் புத்தகம் சிக்காதபோது என்ன செய்வது

“மேடம், பிரிஞ்சால்னு போட்டேன், ஒண்ணுமே வரலை. நம்ம லைப்ரரில இல்லபோல.”

சொன்னவள் தாவரவியல் முதுகலை மாணவி. பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராகிவிட்டாள். கத்தரிச் செடியைத் தாக்கும் காய்ப்புழு பற்றி மறுநாள் செமினார். “ஒரு நிமிஷம் இரும்மா” என்று சொல்லி, அவள் உட்கார்ந்திருந்த அதே கணினியில் ‘எக்பிளாண்ட்’ என்று அடித்தேன். ஐந்து புத்தகங்கள் வந்தன. அதில் இரண்டு, அவள் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளியிருந்த அலமாரியிலேயே இருந்தன.

சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தில் பதினெட்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். கேட்காமலே திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் மனசு கேட்பதில்லை. கணினி ‘இல்லை’ என்று காட்டும்போது அது சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் அடித்த சொல்லில் தொடங்கும் தலைப்பு என் பட்டியலில் இல்லை. புத்தகம் இருக்கிறதா என்பதைப் பற்றி அது இன்னும் வாயே திறக்கவில்லை. தலைப்பு என்று இங்கே சொல்வது பொருள் தலைப்பை: புத்தகத்தின் பெயர் அல்ல, அது எதைப் பற்றியது என்று பட்டியலாக்கம் செய்பவர் கொடுக்கும் சொல். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள். எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், சேப்பாக்கம் பல்கலைக்கழக நூலகம், உங்கள் கல்லூரி என்று எங்கே உட்கார்ந்தாலும் திரை வேறு மாதிரி இருக்கலாம். சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான்.

உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

“நான் அடித்தது ஒன்று, பட்டியல் வேறெங்கோ போய் நிற்கிறது”

இங்கே கோளாறு எதுவும் இல்லை. தேடல் பெட்டியும், தலைப்புகளை வரிசையாகக் காட்டும் பிரவுஸ் பெட்டியும் இரண்டு வெவ்வேறு கருவிகள். தேடல் பெட்டியில் ‘கோயில் தஞ்சாவூர்’ என்று அடித்தால், அந்த இரண்டு சொல்லும் பதிவில் எந்த மூலையில் இருந்தாலும் அது பிடித்துக் கொடுக்கும். பிரவுஸ் அப்படியில்லை. அது அகராதியைப் புரட்டுவது மாதிரி. முதல் எழுத்திலிருந்து பொருத்திக்கொண்டே போகும். பொருந்தாவிட்டால், அகர வரிசையில் அதற்குப் பக்கத்து இடத்தில் போய் நின்றுவிடும். மர இழுப்பறையில் அட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்த காலத்தின் வாரிசு அது.

ஆகவே தலைப்பின் முதல் சொல் எதுவாக இருக்கும் என்பதுதான் கேள்வி. ‘தமிழ்நாட்டுக் கோயில்கள்’ என்று நாம் நினைப்போம். தலைப்பு ‘இந்துக் கோயில்கள் -- இந்தியா -- தமிழ்நாடு’ என்று இருக்கும். ‘தமிழ்நாட்டு வரலாறு’ என்று நினைப்போம். அங்கே இடம் முன்னால் வரும்: ‘தமிழ்நாடு (இந்தியா) -- வரலாறு’. பொதுவாக வரலாறு, பயணம், அரசியல் என்றால் ஊர்ப் பெயர் முதலில். பொருள் தனியாகப் பெயர் சொல்லக்கூடியது என்றால் பொருள் முதலில்.

இதில் ஒரு குழி இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்களே விழுந்து எழுந்திருக்கிறார்கள். நம் நூலகங்களில் புழங்கும் ஆங்கிலப் பொருள் தலைப்புகளில் பெரும்பகுதி, அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1898 முதல் தொகுத்து வரும் பட்டியலிலிருந்து வந்தவை. அவர்கள் விதிப்படி இந்திய நகரம் ஒன்றைக் குறிக்கும்போது நாட்டின் பெயர், அடுத்து நகரம். நடுவில் மாநிலம் வராது. அதாவது ‘கல்வி -- இந்தியா -- தமிழ்நாடு’ ஓரிடத்தில் இருக்கும், ‘கல்வி -- இந்தியா -- சென்னை’ வேறோரிடத்தில் இருக்கும். ஆங்கில அகர வரிசையில் இரண்டுக்கும் நடுவே டெல்லி, கேரளா, பஞ்சாப் எல்லாம் உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டின் கீழ் பார்த்துவிட்டுச் சென்னைப் பள்ளிகள் பற்றி ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதல் சொல் தெரியவில்லையா? பிரவுஸை விட்டுவிட்டு, சாதாரணத் தேடல் பெட்டியில் அந்தப் பொருளில் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு புத்தகத்தின் பெயரை அடியுங்கள். பதிவைத் திறந்து முழு விவரத்துக்குப் போங்கள். கீழே பொருள் தலைப்புகள் நீல நிறத்தில் இருக்கும். அதைச் சொடுக்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். இந்த ஒரு வழியை மட்டும் நினைவில் வைத்தாலும் பாதிச் சிக்கல் தீரும்.

“நம் சொல்லைப் போட்டால் எதுவும் வருவதில்லை”

பிரிஞ்சால் கதை இதுதான். தலைப்புப் பட்டியல் அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. நாம் பேசுவது இந்திய ஆங்கிலம். பிரிஞ்சால் அங்கே எக்பிளாண்ட். வெண்டைக்காய் ‘லேடீஸ் ஃபிங்கர்’ இல்லை, ஓக்ரா. நிலக்கடலை ‘கிரவுண்ட்நட்’ இல்லை, பீனட்ஸ். ரயில்வே என்று தேடினால் கிடைக்காத புத்தகம் ‘ரெயில்ரோட்ஸ்’ என்பதில் கிடைக்கும். கார் ‘ஆட்டோமொபைல்ஸ்’, லிஃப்ட் ‘எலிவேட்டர்ஸ்’. தொழிலாளர் பற்றித் தேடும்போது ‘லேபர்’ என்ற சொல்லில் ‘யூ’ எழுத்தை எடுத்துவிட்டு அடியுங்கள். ‘கலர்’ என்பதிலும் அப்படியே. சினிமா பற்றிய புத்தகங்கள் ‘மோஷன் பிக்சர்ஸ்’ என்பதன் கீழ் இருக்கும். கோடம்பாக்கத்துக்கு அடுத்த தெருவில் வீடு இருந்தாலும் அந்தச் சொல்லில்தான் தேட வேண்டும்.

சொல் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால், தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ‘ஆயுர்வேதிக் மெடிசின்’ என்று இருக்காது. ‘மெடிசின், ஆயுர்வேதிக்’ என்று காற்புள்ளி போட்டுத் திருப்பி வைத்திருப்பார்கள். மருத்துவம் பற்றிய எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம்.

சொல் காலத்தோடு மாறியும் போகும். சமையல் நூல்கள் நெடுங்காலம் ‘குக்கரி’ என்பதன் கீழ் இருந்தன. 2010-ல் அது ‘குக்கிங்’ ஆனது. புதிய பதிவுகளைப் புதிய சொல்லோடு இறக்கிக்கொண்டு, பழையவற்றைத் திருத்தாமல் விட்ட நூலகத்தில் செட்டிநாட்டுச் சமையல் ஒரு பக்கம், உடுப்பிச் சமையல் இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். இரண்டையும் பாருங்கள். அல்லது அலமாரிக்கே போய்விடுங்கள். பொருளுக்கு ஓர் எண் கொடுத்து அலமாரியில் அடுக்கும் டியூயி பகுப்பில் சமையல் 641.5. தலைப்பு மாறினாலும் அந்த எண் அப்படியேதான் இருக்கிறது.

சொல்லே தோன்றவில்லை என்றால் ஒரு படி மேலே ஏறுங்கள். கத்தரி இல்லையா, காய்கறிகள். அதுவும் இல்லையா, தோட்டக்கலை. இந்த ஏணியை நமக்குத் தெளிவாக வகுத்துக் கொடுத்தவர் இங்கேயே வேலை பார்த்தவர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். பகுப்பெண்ணைப் பின்னாலிருந்து கண்ணி கண்ணியாகக் கழற்றி, குறுகிய பொருளிலிருந்து விரிந்த பொருள்வரை ஒவ்வொன்றையும் தலைப்பாக்கும் சங்கிலி முறை அவருடையது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது 1931-ல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. கவுன்டரில் உட்காரும் ஒவ்வொரு நாளும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த நான்காவதுதான்.

“தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட வரவில்லை”

அதிகம் பேர் தவிப்பது இங்கேதான். தமிழ்ப் புத்தகங்களின் பதிவு பல நூலகங்களில் ரோமன் எழுத்தில் இருக்கிறது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் டெல்லி அலுவலகம் 1962 முதல் தமிழ் நூல்களையும் வாங்கிப் பதிவு செய்து வருகிறது. அங்கே தயாரான பதிவை நம் நூலகங்கள் இறக்கிக்கொள்ளும்போது அந்த எழுத்துமுறையும் கூடவே வந்துவிடும். அந்த எழுத்துமுறை, நாம் வாட்ஸ்அப்பில் தட்டும் முறை அல்ல.

விதி எளியது. ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரே ரோமன் எழுத்து. எப்படி உச்சரிக்கிறோம் என்பதைப் பார்ப்பதே இல்லை. க எங்கே வந்தாலும் கேரளாவின் கே. ச எங்கே வந்தாலும் சினிமாவின் சி. த, ட இரண்டுமே டீக்கடையின் டி. ட-வுக்கு மட்டும் அடியில் ஒரு புள்ளி. ப எங்கே வந்தாலும் பேப்பரின் பி. டாக்டரின் டி, பஸ்ஸின் பி, கேஸ் சிலிண்டரின் ஜி ஆகிய மூன்றுக்கும் தமிழ்ச் சொல்லில் வேலையே கிடையாது. ‘எச்’ சேர்ப்பதும் கிடையாது.

கம்பன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாம் நடுவில் பஸ்ஸின் பி போடுவோம். பதிவில் பேப்பரின் பி இருக்கும். சங்கம் என்றால் நாம் எஸ்-ஸில் தொடங்கி நடுவில் ஜி போடுவோம். பதிவில் சி-யில் தொடங்கி நடுவில் கே வரும். திருக்குறளில் டி-க்குப் பிறகு நம் கை தானாக எச் அடிக்கும், அதை எடுத்துவிடுங்கள். சிலப்பதிகாரத்தை எஸ் வரிசையில் தேடிக் களைத்துப் போனவர்கள் உண்டு. அது சி வரிசையில் அமைதியாக இருக்கிறது. ழ-வுக்கு நாம் இஸட், எச் என்று இரண்டு எழுத்து போடுகிறோம். அங்கே எல், அடியில் ஒரு கோடு. நெடில் என்றால் எழுத்தை இரட்டிப்பதில்லை, தலைக்கு மேல் கோடு.

புள்ளியும் கோடும் எப்படி அடிப்பது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான கேட்டலாக்குகள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. வெறும் எழுத்தை அடித்தாலே போதும். அப்படியும் வராவிட்டால் புள்ளி வரும் எழுத்துக்கு முன்னாலேயே சொல்லை நிறுத்திவிடுங்கள். பிரவுஸ் என்பதால் தொடக்கம் சரியாக இருந்தால் போதும், மிச்சத்தைக் கண்ணால் தேடிக்கொள்ளலாம்.

ஆள் பெயருக்கும் இதே கதைதான். பெசன்ட் நகரில் இருக்கும் உ. வே. சா. நூலகத்தின் ஆங்கிலப் பெயர்ப் பலகையைப் பார்த்துப் பழகியவர்கள் அவரை எஸ் வரிசையில் தேடுவார்கள். அவரைப் பற்றிய நூல்களின் பொருள் தலைப்பு ‘சாமிநாதையர், உ. வே., 1855-1942’. ரோமனில் அது சினிமாவின் சி-யில் தொடங்கும். ‘ஐயர்’ தனியே நிற்காது, பெயரோடு ஒட்டியே வரும். முதலெழுத்துகள் பின்னால் போய்விடும். ஆகவே ‘உ. வே.’ என்று தொடங்கி அடித்தால் ஒருபோதும் கிடைக்காது.

“தமிழ் எழுத்தில் தலைப்பு இருக்கிறது, ஆனால் வரிசை புரியவில்லை”

தமிழிலேயே பொருள் தலைப்பு கொடுத்திருக்கும் நூலகங்களில் இது வரும். ஒரு தமிழாசிரியர் ‘கல்வி’ என்ற தலைப்பைத் தேடி, ‘கலை’ வந்ததும் “தாண்டிவிட்டதே, அப்படியானால் இல்லை” என்று நிறுத்திவிட்டார். நம் அகராதி முறைப்படி அவர் செய்தது சரி. மெய்யெழுத்து முன்னால், உயிர்மெய் பின்னால். கல்விக்குப் பிறகுதான் கலை. ஆனால் கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கும் யூனிகோடில், புள்ளிக்குக் கொடுத்திருக்கும் எண், உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. மென்பொருள் அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் கலை முன்னால் வந்துவிடும், கல்வி பின்னால் போய்விடும்.

எழுத்துகளின் வரிசையிலும் இப்படி ஒரு குளறுபடி உண்டு. அகராதியில் மதம், மரம், மலர், மழை, மனநலம் என்று போகும். ன கடைசி எழுத்து. யூனிகோட் எண்படி ந-வுக்கு அடுத்ததே ன. அதனால் மனநலம், மதத்துக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ற-வும் அப்படித்தான், ர-வுக்கு அடுத்த இடத்துக்கு ஏறிவிடும். ழ, ள இரண்டும் வ-வுக்கு முன்னால் வந்துவிடும்.

உங்கள் நூலகத்தில் எந்த வரிசை என்று அறிய ஒரே ஒரு சோதனை: கல்வி, கலை இரண்டில் எது முதலில் வருகிறது என்று பாருங்கள். கலை முதலில் வந்தால் அங்கே எல்லாமே எண் வரிசைதான். அதன்பின் எதிர்பார்த்த இடத்தில் இல்லாத சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று பக்கம் புரட்டிவிட்டே முடிவு சொல்லுங்கள். நூலகப் பொறுப்பில் இருப்பவர்கள் மென்பொருளில் தமிழ் வரிசைமுறையை அமைக்க முடியுமா என்று கணினிப் பிரிவிடம் அவசியம் கேளுங்கள். தமிழ் வாசகர் தமிழ் வரிசையில் தேடித் தோற்கக்கூடாது.

“ஒரே தலைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது”

‘பௌத்தம்’ என்ற தலைப்பில் ஒன்பது புத்தகம். அதற்குச் சில பக்கம் முன்னாலேயே, ‘பெரியார்’ எல்லாம் முடிந்த இடத்தில், ‘பெளத்தம்’ என்று நான்கு புத்தகம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் தட்டச்சு செய்தவர் ஒற்றைக் கொம்பைப் போட்டு, பக்கத்தில் ள எழுத்தைப் போட்டிருக்கிறார். கணினிக்கு அது ‘பெ, ள, த்தம்’.

சந்தேகம் வந்தால் ஒரு தலைப்பை நகலெடுத்து, கண்ட்ரோல்-எஃப் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள். ஒன்றில் மட்டும் நின்று மற்றதைத் தாண்டிப் போனால் எழுத்து வேறு என்று அர்த்தம். சௌராஷ்டிரர், மௌனம், ஔவையார் என்று ஔகாரம் வரும் எல்லாச் சொல்லுக்கும் இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள். ஔவையார் ‘ஒளவையார்’ ஆகவும், ‘அவ்வையார்’ ஆகவும்கூட இருப்பார்.

இதே மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் தலைப்பைப் பிரிக்கும் இன்னொன்று, கடைசியில் போட்ட முற்றுப்புள்ளி. சொற்களுக்கு நடுவே இரண்டு இடைவெளி விட்டாலும் சில மென்பொருள்கள் தனித் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். வாசகர் இதைத் திருத்த முடியாது; இரண்டையும் குறித்துக் கவுன்டரில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் ஒன்றாக்கிவிடலாம். எங்களுக்கு அது தொந்தரவு இல்லை, உதவி.

“சென்னை என்று போட்டால் பழைய புத்தகங்கள் வரவில்லை”

மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது 1996-ல். மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14-ல். ஊரைப் பற்றிய நூல்களுக்குத் தலைப்பு ‘சென்னை (இந்தியா)’ என்று மாறிவிட்டது. பழைய பதிவுகள் திருத்தப்படாமல் இருந்தால் அவை ‘மெட்ராஸ் (இந்தியா)’ என்பதன் கீழேயே இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம் வரலாற்று மாணவர்களுக்கு. ஒரு மாநிலத்தைப் *பற்றிய* நூல் என்றால் இப்போதைய பெயர்தான் தலைப்பு. 1958-ஐப் பற்றிய புத்தகமானாலும் தமிழ்நாடு. அதே மாநில அரசு *வெளியிட்ட* அறிக்கை என்றால், அன்றைக்கு அந்த அரசுக்கு என்ன பெயரோ அது: மெட்ராஸ். ஆக, 1958-ம் வருஷத்து அரசு அறிக்கையைப் பொருள் தலைப்பில் ‘மெட்ராஸ்’ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். வெளியிட்ட அரசையே ஆசிரியராகக் கொள்வதால், ஆசிரியர் பிரவுஸில் மெட்ராஸ் என்று பாருங்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சி பற்றிய வெள்ளைக்காரர் காலத்து நூல்களுக்கு டின்னவேலி, டாஞ்சோர், டிரிச்சினாபோலி என்ற பழைய எழுத்துக்கூட்டலைச் சாதாரணத் தேடலில் போட்டுப் பாருங்கள். நூலின் பெயரிலேயே அது இருக்கும்.

“தலைப்பு இருக்கிறது, பக்கத்தில் பூஜ்யம்”

முதலில் வடிகட்டிகளைப் பாருங்கள். ஒரு கிளை மட்டும், கையிருப்பில் உள்ளவை மட்டும் என்று ஏதாவது டிக் ஆகியிருக்கும். முன்னால் உட்கார்ந்தவர் வைத்துவிட்டுப் போனதாகவும் இருக்கலாம். எடுத்துவிட்டு மறுபடி திறங்கள்.

அதற்கும் பூஜ்யம் என்றால், தலைப்புக்கென்று ஒரு தனிப் பதிவு இருக்கிறது, அதோடு இணைந்த புத்தகம் இல்லை. மொத்தமாக இறக்கிய தலைப்புப் பட்டியலில் இது சகஜம். ‘காண்க’, ‘மேலும் காண்க’ என்று அதனடியில் வேறு தலைப்பு காட்டினால் அங்கே போங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. புத்தகம் இருக்கிறது, பதிவில் பொருள் சொல்லும் இருக்கிறது, ஆனால் பிரவுஸ் பட்டியலில் வருவதே இல்லை. கோஹா போன்ற நூலக மென்பொருளில் முழுப் பதிவின் மார்க் வடிவத்தை, அதாவது ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் கொடுத்து எழுதிய வடிவத்தை, திறந்து பாருங்கள். 650 என்ற எண்ணில் இருப்பது முறையான பொருள் தலைப்பு. 651 இடப் பெயர். 600 ஆள் பெயர். 653 என்று இருந்தால் அது பட்டியலாக்கம் செய்தவர் தம் சொந்தச் சொல்லில் எழுதியது. பிரவுஸுக்குள் அது சேராமல் போவது வழக்கம். சாதாரணத் தேடலில் அந்தச் சொல்லை அடித்தால் கிடைக்கும்.

“ஆயிரக்கணக்கில் வருகிறது”

சொடுக்கிவிடாதீர்கள். தலைப்பைச் சொடுக்காமல், அதன் கீழுள்ள உட்பிரிவுகள்வரை இறங்குங்கள். ‘இந்தியா -- வரலாறு’ என்பதற்குக் கீழே காலவாரியாகப் பிரிவுகள் இருக்கின்றன: ‘1526-1765’, ‘பிரிட்டிஷ் ஆக்குபேஷன், 1765-1947’, ‘1947-’ என்று. மென்பொருள் எழுத்து வரிசையில் அடுக்கினால் காலம் முன்பின்னாகும். பழங்கால இந்தியாவுக்கான ‘டு 324 பி.சி.’ என்ற பிரிவு டீக்கடை டி-யில் தொடங்குவதால் பிரிட்டிஷ் காலத்துக்கும் பின்னால், பட்டியலின் அடியில் கிடக்கும். கடைசிவரை உருட்டிப் பாருங்கள்.

1857 பற்றிய நூல்களுக்கான உட்பிரிவு ‘செப்பாய் ரெபெல்லியன், 1857-1858’. முதல் விடுதலைப் போர் என்று படித்து வளர்ந்த பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தேட மாட்டார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை. தலைப்பு என்பது யாரோ ஓரிடத்தில் உட்கார்ந்து தேர்ந்த சொல். அவர்கள் பார்வையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். புத்தகத்தைப் பிடிப்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள், உங்கள் கட்டுரையில் உங்கள் சொல்லை எழுதுங்கள் என்றுதான் மாணவர்களிடம் சொல்வேன்.

“நாவல் கேட்டால் விமர்சன நூல் வருகிறது”

பொருள் தலைப்பு என்பது புத்தகம் எதைப் *பற்றியது* என்று சொல்வது. ‘தமிழ்ப் புனைகதை -- வரலாறும் விமர்சனமும்’ என்பதன் கீழ் வருபவை நாவல்களைப் பற்றிய நூல்கள். நாவலுக்குப் பெரும்பாலும் பொருள் தலைப்பே போட மாட்டார்கள். டியூயி முறையில் அடுக்கிய நூலகமென்றால் 894.8113 என்ற எண்ணுள்ள அலமாரிக்கு நடந்துவிடுங்கள்.

“எல்லாம் செய்துவிட்டேன், தலைப்பே இல்லை”

பழைய சேகரிப்பு முழுதும் கணினியில் ஏறாத நூலகங்கள் உண்டு. பழைய அட்டைப் பட்டியலோ பதிவேடோ இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கும்போது “ஒண்ணும் வரலை” என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பெட்டியில், எந்தச் சொல்லை, எந்த எழுத்துக்கூட்டலில் அடித்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தச் சீட்டு இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கவுன்டருக்கு உள்ளே இருக்கும் சக ஊழியர்களுக்கு: அந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் போடப்படாத ஒரு ‘காண்க’ குறிப்பு. கோஹாவில் அந்தத் தலைப்பின் அத்தாரிட்டிப் பதிவை, அதாவது தலைப்புக்கென்று இருக்கும் தனிப் பதிவை, திறந்தால் 150-ல் முறையான தலைப்பு இருக்கும். 450 என்ற புலத்தைச் சேர்த்து, வாசகர் அடித்த சொல்லை அதில் எழுதிச் சேமியுங்கள். பல சொல் இருந்தால் 450-ஐ அத்தனை முறையும் சேர்க்கலாம். தமிழ் எழுத்திலும் ஒன்று போடுங்கள். பிறகு இண்டெக்ஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்த்து, வாசகர் திரையில் நீங்களே ஒருமுறை அடித்துச் சோதியுங்கள்.

அந்த மாணவி கிளம்பிப் போன அன்று சாயங்காலம், எக்பிளாண்ட் என்ற தலைப்பின் கீழ் பிரிஞ்சால், கத்தரிக்காய், கத்திரிக்காய் என்று மூன்று 450 சேர்த்தேன். மறுநாள் செமினார் முடிந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம் “இப்போ போட்டுப் பாரும்மா” என்றேன். நின்றபடியே தமிழில் ‘கத்திரி’ வரைக்கும் அடித்தாள். ஐந்து புத்தகங்களும் வந்தன.